ஷாக் மாற்றிய சனிக்கிழமை

எங்கள் கார் வாங்கிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தபோது முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று. வெறும் பாத்திரத்துக்குள் கரண்டியைப் போட்டது மாதிரி இருக்கும். என் கணவர் அதைக் கேட்டதும் ரேடியோவை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் பானெட்டின் ஒரு மூலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி, விட்டுப் பார்த்தார். வண்டி எழும்பி, மறுபடி இறங்கி, மறுபடி எழும்பியது.

"தேஞ்சிருக்கு. ஆனா இன்னும் ஓடும்," என்றார்.

இது அவருடைய தொழில் பேச்சு. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் அவர் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். தேய்ந்த உதிரிபாகத்தை அளந்து பார்த்து, அது இன்னும் ஓடுமா ஓடாதா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் முப்பது வருடமாக அவர் செய்த வேலை. அதனால் வீட்டில் மிக்சி, மின்விசிறி, குழாய் எதுவானாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. பூந்தமல்லியில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக், அடியில் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றன, குலுக்கலைத் தாங்குகிற ஷாக்கும் பலவீனம்தான் என்று அந்த வருடமே சொன்னார். மழை முடியட்டும் என்றார் இவர். மழை முடிந்தது. கோடை வந்ததும், அடுத்த மழைக்கு முன்னால் பார்க்கலாம் என்றார்.

அதே சமயத்தில் அவருக்கு முதுகுவலியும் இருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டார். பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டார். வண்டியையும் முதுகையும் நான் சேர்த்து யோசிப்பதில்லை. யாராவது சேர்த்துப் பேசினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

முதுகுவலி முதுகுவலி இல்லை என்று தெரிந்தபோது புற்றுநோய் எலும்பு வரை வந்திருந்தது. முதுகுத்தண்டில் இரண்டு இடம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். நான் அந்தப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்ன எண் என்று இப்போதும் நினைவிருக்கிறது. டாக்டர் சொன்னதில் பாதி நினைவில்லை. வலியைக் குறைக்கக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், பதினைந்து தடவை, சனி ஞாயிறு தவிர தினமும் வர வேண்டும் என்றார்.

எங்கள் வீடு அண்ணனூரில். மருத்துவமனை காட்டுப்பாக்கம் தாண்டி. ஆவடி வந்து, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, கரையான்சாவடியில் திரும்ப வேண்டும். வாடகை கார் வைத்துக்கொள்ளலாம் என்று என் அக்கா சொன்னாள். அவருக்கு அது வேண்டாம். தெரியாத ஆள் ஓட்ட, இவர் பின்னால் முனகிக்கொண்டு போவது அவருக்கு ஒத்துவராது. நான் ஓட்டுகிறேன் என்றேன்.

எனக்கு உரிமம் இருந்தது. ஆவடியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் எப்போதோ கற்றுக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். ரயிலில்தான் போவேன், வருவேன். கார் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் பிடிக்காது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு வார்த்தை சொல்வார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் ஓட்ட வேறு ஆளும் இல்லை.

பின் சீட்டில் இரண்டு தலையணை, ஒரு மடித்த போர்வை. அவர் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். முன் சீட்டைச் சாய்த்துத் தருகிறேன் என்று முதல் நாளே சொன்னேன். வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை. தன் முகத்தை நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வீட்டிலிருந்து மருத்துவமனை வரை இருபத்துமூன்று வேகத்தடைகள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய இடங்கள் தனி. முதல் மூன்று நாளும் அவர் சத்தமே போடவில்லை. ஆனால் வண்டியின் சத்தத்துக்கு மட்டும் பேர் சொல்லிக்கொண்டு வந்தார். "இது லிங்க் ராடு." "இது புஷ்." "இது ஒண்ணுமில்ல, டிக்கில ஜாக்கி ஆடுது." நான் ம், ம் என்றேன். அந்த மூன்று நாளில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இதுதான்.

நான்காவது நாள், வியாழக்கிழமை. பருத்திப்பட்டு பக்கம் ஒரு வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு அழிந்திருந்தது. கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன். வண்டி ஏறி இறங்கியது. பின்னாலிருந்து அவர் கத்தினார். அந்தக் குரல் அவருடையது என்று எனக்கு உடனே தெரியவில்லை. வெளியே யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று நினைத்து இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

ஏரிக்கரை ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார்.

"முதல் அடி பரவால்ல. தாங்கிடுவேன். அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை மேலயும் கீழயும் ஆடுது பாரு. அதுதான்."

"மெதுவா போறேன்."

"நீ மெதுவாத்தான் போற. ஆட்டம் நிக்க மாட்டேங்குது. ஷாக் போயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. நடைபாதையில் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஒருவர் வேகமாக நடந்து போனார். பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுத்தேன். அன்றைக்குக் கதிர்வீச்சுக்குத் தாமதமாகப் போனதற்கு அங்கிருந்த பெண் கடிந்துகொண்டாள். சரிம்மா என்றேன்.

சனிக்கிழமை காலையில் வண்டியை பூந்தமல்லிக்கு எடுத்துப் போனேன். கீழ் வீட்டு அம்மா அவருக்குத் துணையாக இருந்தார். மெக்கானிக் கடை கரையான்சாவடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு பழைய மாட்டுக்கொட்டகை அளவுக்குத்தான் இருக்கும். மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கலாம். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் தனியாக ஓட்டி வந்ததைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா அக்கா, நீ ஓட்டிகினு வந்துக்கிற? சார் எங்க?"

"வீட்ல இருக்கார். சத்தம் ஜாஸ்தியா இருக்கு பாய். பாருங்க."

வண்டியின் நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்தார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. எனக்கே தெரிந்தது. பிறகு நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு நெம்பினார். ரப்பர் பாலாடை மாதிரிப் பிய்ந்து வந்தது. டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி எனக்குப் பின்பக்க ஷாக்கைக் காட்டினார். குழாய் முழுக்க எண்ணெய் கசிந்து, மேலே புழுதி ஒட்டிக் கறுப்பாக இருந்தது.

"இதோ பாரு அக்கா. மூணு ரகமா பிரிச்சு சொல்றேன். இந்த பால் ஜாயிண்ட் கீதே, இத இன்னிக்கே மாத்தணும். இது கழண்டுச்சுன்னா சக்கரம் மடங்கிடும். இதுல யோசிக்கவே கூடாது. ஷாக்கு நாலும் போயிட்ச்சு. பிரேக் புடிச்சா வண்டி நிக்கறதுக்கு லேட்டாவும், ஆனா மெதுவா ஓட்டுனா கொஞ்ச நாளு தள்ளலாம். புஷ்ஷு, லிங்க் ராடுலாம் சத்தந்தான். சத்தத்த பொறுத்துக்கலாம்னா பொறுத்துக்கலாம்."

"எல்லாம் மாத்தினா?"

"மாத்தலாம். பழைய வண்டி, சாமான் சொல்லி வச்சு வரணும். ஆனா ஒண்ணு சொல்லு. இந்த வண்டிய இன்னும் எத்தினி நாளு வச்சிக்கப் போறீங்க? ரெண்டு வருசம்னா எல்லாத்தையும் மாத்திடு. ஆறு மாசத்துல குடுக்கப் போறீங்கன்னா எதுக்கு வீணா? பால் ஜாயிண்ட் மட்டும் போட்டுக்கினு போயிடு."

எல்லா மெக்கானிக்கும் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை. கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார்.

பிறகு சொன்னேன். முதுகுத்தண்டு, இரண்டு இடம், பதினைந்து தடவை, ஐந்து முடிந்துவிட்டது, பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறார். டெஸ்பாட்ச் பட்டியல் படிக்கிற குரலில் சொன்னேன். அப்படித்தான் அப்போது எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாய் திரும்பி உள்ளே போனார். வாளியில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். அப்புறம் பால் ஜாயிண்டைக் கழற்ற உட்கார்ந்தார். வேலை முடிந்து நான் கிளம்பும்போது சொன்னார்.

"சாருகிட்ட கேட்டுகினு போன் பண்ணுக்கா. சாமான் நான் சொல்லி வச்சிடறேன். வேணாம்னா திருப்பிக்கலாம்."

மத்தியானம் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பால் ஜாயிண்ட் போட்டாச்சு என்றதும் "நல்லது, அது பாதுகாப்பு" என்றார். மற்றதைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, ஆபீஸில் கேட்டால் சொல்வது மாதிரியே சொன்னார்.

"வேணாம். எனக்கு இன்னும் பத்து தடவைதான் போகணும். அதுக்கு இது தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு?"

"நான் இருக்கேன்ல."

"நீ வித்துடுவே," என்றார். கோபமில்லாமல், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்கிற மாதிரி சொன்னார். "உனக்கு வண்டி ஓட்டப் பிடிக்காது. வாங்கறவன் மாத்திக்கட்டும்."

அவர் சொன்னது உண்மைதான். விற்றுவிடுவது பற்றி நானே ஒரு தடவை, மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தபோது, யோசித்திருந்தேன். யோசித்ததற்காக என்மேல் எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இப்போது அவர் அதைச் சொன்னபோது என் முகம் சூடாயிற்று. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்திருக்காது. சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டேன். ரசம் போதும் என்றார்.

திங்கட்கிழமை அவரை உள்ளே அழைத்துப் போன பிறகு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"எல்லாத்தையும் மாத்திடுங்க பாய். நாலு ஷாக்கும், புஷ்ஷும், எல்லாம்."

"சார் சரின்னாரா?"

"நான் சொல்றேன்."

"சரிக்கா. சனிக்கிழம காலீல வந்துடு," என்றார்.

ஏன் அப்படி முடிவு செய்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தைரியம் என்று சொல்ல முடியாது. நம்பிக்கையும் இல்லை. இன்னும் எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. சின்ன எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் ஐந்து நாளும் பழைய ஷாக்கில்தான் போனோம். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவர் கத்தினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்ப வேண்டும், கிளம்பும்போது இன்னொரு குலுக்கல் என்று தெரிந்துவிட்டது. சத்தங்களுக்குப் பேர் சொல்வதையும் அவர் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை அவரிடம் ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன பொய்கள் எண்ணிச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்குத்தான். அதில் இதற்காக மட்டும் யோசிக்கவே இல்லை.

பாய் சாமான்களை ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்திருந்தார். அட்டைப்பெட்டி பிரிக்காமல் நான்கு ஷாக். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சந்தில் வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அவர் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த போல்ட் ஒன்று வரவில்லை. எண்ணெய் ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று டீ வாங்கி வந்தார். எனக்கு ஒரு பன்னும். சாப்பிடு என்று சொல்லவில்லை, நாற்காலி பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாப்பிட்டேன். அந்த மாதம் முழுக்க நான் ருசி தெரிந்து சாப்பிட்டது அந்த பன் ஒன்றுதான்.

கழற்றிய பின்பக்க ஷாக்கை என் முன்னால் நிற்க வைத்தார்.

"அமுக்கிப் பாருக்கா."

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். தண்டு உள்ளே போயிற்று. கையை எடுத்தேன். அது அப்படியே உள்ளே நின்றது. திரும்பி வரவில்லை.

"இதுதான் அக்கா. இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் ஸ்பிரிங்குலதான் வண்டி ஓடிகினு இருந்திச்சு." பிறகு புதியதைக் கொடுத்தார். முழு பலத்தையும் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது. விட்டதும் மெதுவாக, ஒரே சீராக மேலே வந்தது.

"ஆனா ஒண்ணு, பொய் சொல்ல மாட்டேன். புது ஷாக்கு கெட்டியா இருக்கும். ஆட்டம் நின்னுடும், ஆனா முதல் அடி கொஞ்சம் உறுத்தலா தெரியும். பழகற வரைக்கும் டயர்ல காத்து ரெண்டு பாயிண்ட் கம்மியா வச்சிக்கோ."

"முதல் அடி தாங்கிடுவேன்னு சொன்னார்."

"அப்ப சரி," என்றார்.

எல்லாம் பூட்டி முடிக்க மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. வழக்கமாக அவரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் தருவார். அன்றைக்குச் சாவியை என்னிடம் கொடுத்தார். துணியை உதறி இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். கிரீஸ் பட்ட சட்டையைக் கழற்றி, ஆணியில் தொங்கிய சுத்தமான சட்டையை மாட்டிக்கொண்டு, பின் கதவைத் திறந்தார்.

"சார் எப்டி படுத்துகினு வருவாரோ அப்டி நான் படுத்துக்கறேன். நீ ஓட்டு. சாரை இட்டுகினு போற மாரியே ஓட்டு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் தலையணையில் தலையை வைத்து, ஒருக்களித்து, காலை மடக்கிக்கொண்டார். உயரமான ஆள். முழங்கால் முன் சீட்டில் முட்டியது. கதவைச் சாத்தினேன்.

கரையான்சாவடியிலிருந்து காட்டுப்பாக்கம் வரை போனோம். பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "இங்க முன்னாடியே கால எடுத்துட்டா நல்லாருக்கும்." "பள்ளத்துல கோணலா இறங்காத. ரெண்டு சக்கரமும் ஒண்ணா இறங்கட்டும்." "ஏறும்போது பிரேக்ல கால் வெக்காத, ஏறதுக்கு முன்னாடியே புடிச்சி, ஏறும்போது உட்டுடு." சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். பின் சீட்டில் ஒரு ஆள் படுத்துக்கொண்டு கட்டளை போடுவதையும் நான் தலையாட்டுவதையும் பார்த்து என்ன நினைத்தாரோ, ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

திரும்பும்போது நிறுத்தச் சொன்னார். எழுந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கே இடுப்பு வலிக்குது. தப்பு ஷாக்குல இல்ல. பின் சீட்டு சக்கரத்து மேலயே கீது. எது ஏறினாலும் இங்கதான் மொதல்ல தூக்கும். முன் சீட்டு நடுவுல கீது, அங்க அவ்ளோ தெரியாது." இறங்கி முன் கதவைத் திறந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, முழுக்கச் சாய்த்து, போர்வையை இடுப்பு வரும் இடத்தில் மடித்து வைத்தார். அதில் படுத்துக்கொண்டு மறுபடியும் போகச் சொன்னார். இந்தத் தடவை கடை வரும் வரை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இதுல இட்டுகினு போ," என்றார் இறங்கும்போது. "அவருக்குப் புடிக்கலன்னாலும் இதுல ஒக்கார வெய்யி."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன் கதவைத் திறந்தேன். அவர் பின் கதவைப் பார்த்தார். "தலையணையெல்லாம் நனைஞ்சு போச்சு, இன்னிக்கு இதுல வாங்க," என்றேன். மூன்று நாளில் இரண்டாவது பொய். நின்று வாதாட அவருக்குத் தெம்பில்லை. உட்கார்ந்தார்.

எங்கள் தெரு முனையிலேயே ஒரு வேகத்தடை. அவர் இரண்டு கையாலும் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொண்டார். ஏறியது. இறங்கியது. அவ்வளவுதான். அவர் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. வண்டி ரயில்வே கேட் பக்கம் திரும்பிய பிறகுதான் கையை விட்டார்.

"மாத்திட்டியா."

"ம்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பருத்திப்பட்டில் அந்தக் கோடு அழிந்த வேகத்தடையை நான் முன்னாலேயே பார்த்து, பிரேக் பிடித்து, ஏறும்போது காலை எடுத்தேன். கோபமாக இருக்கிறாரா, அழுகிறாரா என்று பார்க்க வேண்டுமானால் நான் லேசாகத் தலையைத் திருப்பினால் போதும். இத்தனை நாள் பின் சீட்டில் இருந்ததால் அந்தக் கஷ்டம் இல்லை. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையான்சாவடி வந்ததும் சொன்னார். "லெஃப்ட்ல இழுக்குது. அலைன்மென்ட் பாக்கலியா?"

"சனிக்கிழமை அந்தக் கடை மூடிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் பாத்துடறேன்."

"பாத்துடு. இல்லன்னா டயர் ஒரு பக்கமா தேஞ்சிடும். அதுக்கப்புறம் உனக்குத்தான் தொந்தரவு."

உனக்குத்தான் என்றார். நான் ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கடைசி ஐந்து நாளில் அவர் ஒரு தடவைதான் கத்தினார். அது வண்டியில் இல்லை, மருத்துவமனையில் மேஜைமேல் ஏற்றும்போது. வழியில் பழையபடி எனக்குக் கியர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்று வாரத்தில் நான் எதையாவது உணர்ந்தேன் என்றால் அந்த எரிச்சலைத்தான். அது போய்விடக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

கதிர்வீச்சு முடிந்து இரண்டு வாரத்தில் டாக்டர் சொன்னபடியே வலி குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே சட்டை மாட்டிக்கொண்டு, சும்மா ஒரு ரவுண்டு போகலாமா என்றார். திருநின்றவூர் வரை போனோம். ஏரிக்கு எதிரே நிறுத்தினேன். வறுத்த வேர்க்கடலை வாங்கினேன். அவர் நான்கு பருப்பு சாப்பிட்டார். அந்தப் பக்கம் புதிதாக மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அங்கே ஒரு மனை பார்த்துவிட்டு, ரொம்பத் தூரம் என்று விட்டுவிட்டோம். அதைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. வண்டி எடுக்கும்போது, "நல்லா ஓட்டற," என்றார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். கடைசியாக மருத்துவமனைக்குப் போனது எங்கள் காரில் இல்லை. உட்காரவே முடியாததால் ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். அவர் பக்கத்தில் ஒரு சின்ன பலகையில் உட்கார்ந்துகொண்டு போனேன். அந்த வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. அவருக்கு அப்போது நினைவில்லை. இவ்வளவு கனமான வண்டிக்கு ஷாக்கைச் சரியாகப் பார்க்க மாட்டார்களா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கை அவர் கையைப் பிடித்திருந்தது. மனதில் அது மட்டும்தான் ஓடியது. அதற்காக எனக்கு வெட்கமாக இருந்த நாட்கள் உண்டு. இப்போது இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் அக்கா வீட்டுக்காரர், வண்டியை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். தெரிந்த ஒரு புரோக்கரை அனுப்பினார். அந்த ஆள் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அடியெல்லாம் புதுசா இருக்கே மேடம், இப்பத்தான் பாத்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். விற்கவில்லை என்றும் சொன்னேன். அவர் வீணாக வந்ததற்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

பூந்தமல்லிக்குப் போய் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். நாற்காலியை எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு வண்டியின் அடியில் வேலை செய்துகொண்டே இருந்தார். கிளம்பும்போது நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்து அனுப்பினார்.

வேலைக்குத் திரும்பியபோது ரயிலில் போகவில்லை, காரில் போனேன். கூட்டத்தில் தெரிந்தவர்கள் விசாரிப்பார்கள், அதைத் தவிர்க்கத்தான். ஓட்டுவது இப்போது பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பழகிவிட்டது. அழவில்லையே என்று சிலருக்கு என்மேல் வருத்தம். ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். வரும்போது வரட்டும் என்றேன்.

போன மாதம் ஒரு நாள் காலை, தூறல். எஸ்டேட்டுக்குள் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். பாடி மேம்பாலத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. நடுவில் வந்த சிக்னல்களில் நின்றேனா, யாராவது ஹாரன் அடித்தார்களா, ஒன்றும் நினைவில்லை. பாலம் இறங்கி, சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆபீஸில் வருகைப் பதிவேடு மேலாளர் மேஜைக்குப் போயிருந்தது. ஏன் லேட் என்று கேட்டார். டிராஃபிக் சார் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு என் இடத்துக்குப் போய் அன்றைய பட்டியலை எடுத்தேன்.